ஏரிக்கு மேலே, பாறைக்குக் கீழே

தாம்பரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தவன் நான். அன்றைக்கு என் சொத்து ஒரு காற்றுப் பம்பும், ட்யூபை அமுக்கிப் பார்க்க ஒரு தகரத் தொட்டியும். பஞ்சரிலிருந்து பழைய டயர் வியாபாரத்துக்கு வந்தேன். டயரிலிருந்து தண்ணீர் லாரிக்கு. படப்பை சாலையில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை என்னுடையது. இரும்புலியூரில் குளிர்சாதனம் போட்ட கல்யாண மண்டபம் என்னுடையது. அதன் படிக்கல் ஒவ்வொன்றையும் நானே விரலால் சுண்டிப் பார்த்து வாங்கினேன்; நல்ல கல் என்ன சத்தம் போடும் என்று எனக்குத் தெரியும். அஞ்சாங் கிளாஸோடு படிப்பு நின்றவன் முன்னால் இன்ஜினியர்கள் வந்து வரைபடத்தை விரிக்கிறார்கள். தலைகீழாகக் கொடுத்தாலும் எந்த மூலை ஒழுகும் என்று சொல்லிவிடுவேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த இரண்டு பேர் கட்டிய கட்டடமும் ஒழுகுகிறது.

ஏரிக்கரையில் காலையில் என்னோடு நடக்கும் நண்பர்களே, இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். நான் ஆரம்பித்ததும் நீங்கள் நடையை வேகமாக்குவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆண்டு மலர் போடுகிறோம், ஆளுக்கு ஒரு கட்டுரை கொடுங்கள் என்று கேட்டதால், இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். எனக்கே அது முழுசாகப் புரிந்தது இந்தக் கோடையில்தான். மேலே சொன்னதெல்லாம் நான் கட்டியவை. இது நான் கண்டுபிடித்தது. கண்டுபிடித்தபோது எனக்குப் பத்து வயதுகூட ஆகியிருக்காது. எழுத்துப் பிழையை மருமகள் திருத்தினாள். மற்றதெல்லாம் என் கை.

அத்தா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார். அம்மா விடியற்காலையில் ஆப்பம் சுட்டாள். நான் கூடையைச் சுமந்து ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருந்த வாத்தியார்கள் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். மாமா கல்குவாரியில் லாரி ஓட்டினார். அந்த லாரிக்கு இடது பக்கம் கதவு கிடையாது; ஒரு கயிறுதான் கட்டியிருக்கும். லீவு நாட்களில் அந்தக் கயிற்றுக்குப் பின்னால் உட்கார்ந்து மாமாவோடு குவாரிக்குப் போவேன். உங்களில் பலருக்கு அந்தக் குவாரி, வேலி போட்ட ஒரு பள்ளமாகத்தான் தெரியும். அன்றைக்கு அது ஒரு ஊர். உளிச் சத்தமும் சம்மட்டிச் சத்தமும் காலையில் ஆரம்பித்தால் காதுக்குள்ளேயே குடியிருக்கும். சாயங்காலமானால் சிவப்புக் கொடிக்காரர் விசில் ஊதி எல்லாரையும் விரட்டிவிட்டு வெடி வைப்பார்கள். எங்கள் வீட்டு ஓட்டிலிருந்து தூசி உதிரும்.

அந்தக் குவாரியின் பழைய பகுதியில் கல்லெடுத்து முடித்த ஒரு பெரிய பள்ளம் இருந்தது. ஊற்றும் மழையும் சேர்ந்து அதில் பச்சைத் தண்ணீர் நின்றது. நாங்கள் அதை ஏரி என்போம். ஏரிக்கு மேலே, குடை பிடித்த மாதிரி ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தது. அக்னி நட்சத்திர வெயில் வெளியே மண்டையைப் பிளக்கும். அந்தப் பாறைக்குக் கீழே நுழைந்தால் முழங்கால் சில்லிடும். தண்ணீரிலிருந்து ஒரு குளிர்ந்த மூச்சு ஏறி வந்துகொண்டே இருக்கும். கல் உடைப்பவர்கள் மத்தியானச் சோறு அங்கேதான் சாப்பிடுவார்கள். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ஊட்டி.

"ஊட்டிக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்றால் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு வருகிறேன் என்று அர்த்தம். மேஸ்திரியும் அதையே சொல்லித்தான் கத்துவார்: "ஊட்டில எவண்டா இன்னும் குறட்ட வுட்டுகினு கீறான்?"

எங்கோ மலைமேல் பணக்காரர்கள் போகும் ஊர் ஒன்றுக்கும் அதே பெயர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஊட்டி ஒன்றுதான். மாமா லாரியில் போனால் வந்துவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டியில் ஒரு முழம் ஆழத்துக்குக் கல்மாவு கிடக்கும். மழை படாத, காற்று படாத தூசி. விரலை விட்டால் மைதாவில் விட்ட மாதிரி இருக்கும். பாத்திரம் தேய்க்க அதைவிட நல்ல பொடி கிடையாது என்று அம்மா என்னை ஒரு பையோடு அனுப்புவாள். ஒரு நாள் நான் அள்ளி வந்த மாவை அம்மா தட்டில் கொட்டியபோது அதற்குள் ஏதோ அசைந்தது.

"இன்னாடா இது, தேளா?"

"தேளு இல்லம்மா. குழியானை. ஆனா கழுத்து கீது."

"குழியானைக்கு ஏதுடா கழுத்து?"

"இதுக்குக் கீதும்மா. நீயே பாரு. ஒட்டகம் மாதிரி."

அம்மா குனிந்து பார்த்தாள். "பொண்ணு பாக்கப் போனவன் மாதிரி கழுத்த அளந்துகினு உக்காந்திரு. ஆப்பம் ஆறுது, தூக்கிகினு கிளம்பு."

குழியானையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மணலில் புனல் மாதிரிக் குழி பறித்து அடியில் உட்கார்ந்து எறும்புக்குக் காத்திருக்கும் பொடிப் பூச்சி. இது குழி பறிக்கவில்லை. உடம்பு உளுந்துப் பருமன். அதிலிருந்து உடம்பைவிட நீளமாக, நூல் மாதிரி ஒரு கழுத்து. அந்தக் கழுத்தின் முனையில் ஒரு தலை. தலையில் வளைந்த இரண்டு கொடுக்கு. மாவுக்குள் உடம்பைப் புதைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் மெதுவாக நீட்டி, சுற்றிப் பார்த்து, மறுபடி இழுத்துக்கொண்டது. நான் கூடையைத் தூக்க மறந்துவிட்டேன். இவ்வளவு சின்ன உடம்புக்கு இவ்வளவு பெரிய கழுத்தை யார் யோசித்து வைத்தது என்று அந்த வயதில் என்னை உலுக்கிய கேள்வி இன்றைக்கும் என்னை விடவில்லை.

வீட்டில் அரிக்கேன் விளக்குக்கு ஒரு உபரிக் கண்ணாடி இருந்தது. விளிம்பில் சின்ன உடைப்பு. அம்மா அதை அரிசிப் பானைக்குப் பின்னால் துணி சுற்றி வைத்திருந்தாள். நான் அதை எடுத்து, ஒரு பக்கம் துணி கட்டி, கல்மாவை நிரப்பி, ஒட்டகத்தை உள்ளே விட்டு, மேலேயும் துணி கட்டினேன். தினமும் எறும்பு பிடித்துப் போட்டேன். கண்ணாடி என்பதால் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். எறும்பு நடந்து வரும். மாவுக்குள்ளிருந்து கழுத்து நிமிரும். பிறகு எறும்பு இருக்காது.

கொஞ்ச நாளில் அது சாப்பிடுவதை நிறுத்தியது. மாவை உருட்டித் தன்னைச் சுற்றிப் பட்டாணி மாதிரி ஒரு உருண்டை செய்துகொண்டு உள்ளே போய்விட்டது. செத்துவிட்டது என்று நினைத்தேன். கண்ணாடியைத் திருப்பி வைத்துவிடலாம் என்று தினமும் நினைப்பேன், தினமும் மறந்துவிடுவேன். என் மறதி எனக்குச் செய்த உபகாரங்களில் அதுதான் பெரியது.

ஒரு நாள் விடியற்காலைத் தொழுகைக்கான சுபுஹு பாங்கு கேட்டு எழுந்து பார்த்தபோது உருண்டை உடைந்திருந்தது. துணியில் ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. ஈரமான, கசங்கிய, பிறந்த குழந்தையின் காது மாதிரி ஒன்று. அம்மா அடுப்பு பற்றவைத்த வெளிச்சத்தில் பார்த்தேன். அது விரிந்தது. முன்னால் இரண்டு இறக்கை, வெங்காயச் சருகைப் போல. அதற்குப் பின்னால், இறக்கை இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு வெள்ளை நூல். சுருள் பிரிகிற மாதிரி அந்த நூல் நீண்டது. நீண்டுகொண்டே வந்தது. உடம்பைப் போல நாலைந்து மடங்கு வந்தும் நிற்கவில்லை. கழுத்தைக் காணோம். அந்த நீளம் முழுவதும் பின்னால் போய் நூலாகிவிட்டது என்று நினைத்தேன். அப்படி இல்லை என்று இப்போது சொல்கிறார்கள். எனக்கு அது அப்படித்தான்.

"அம்மா, ஒட்டகம் பறக்கப்போவுது."

"தூக்கத்துல உளறாத" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். விளக்குக் கண்ணாடியைத் திருடியதற்கு அடிகூட விழவில்லை. "சுபஹானல்லாஹ்" என்று ஒரு சொல் மட்டும் மெதுவாகச் சொன்னாள். அடுப்பில் அன்றைக்கு ஒரு ஆப்பம் கருகியது.

அது ஞாயிற்றுக்கிழமை. குவாரியில் வெடி கிடையாது, கொடிக்காரரும் இல்லை. மற்ற நாளெல்லாம் பொழுது சாயும் முன் அங்கிருந்து எல்லாரையும் விரட்டிவிடுவார்களே, அதனால் சாயங்காலத்தில் ஊட்டி எப்படி இருக்கும் என்று யாருக்குமே தெரியாது. அன்றைக்கு நான் தனியாக நடந்தே போனேன். வெயில் இறங்கி, தண்ணீரின் பச்சை கறுப்பாகிக்கொண்டிருந்தது. பாறைக்குக் கீழே நுழைந்து உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று எழும்பியது. பிறகு மாவிலிருந்தும் பாறை இடுக்கிலிருந்தும் ஒன்றன் பின் ஒன்றாக. நெஞ்சுயரம் வரை எழும்பும், மெதுவாக இறங்கும், மறுபடி எழும்பும். ஒன்றும் ஓரிடத்தைவிட்டு நகரவில்லை. எல்லாம் அந்தந்த இடத்திலேயே ஏறி இறங்கின. பூச்சி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை நூல்கள் மட்டும் தெரியும். யாரோ இருட்டுக்குள் நூல்களைப் பிடித்து ஆட்டுகிற மாதிரி. சத்தமே இல்லை. நாள் முழுக்கச் சம்மட்டி அடித்த இடத்தில் அப்படி ஒரு அமைதி. ஒன்று என் முகத்துக்கு நேரே வந்து இறங்கியது. நூல் என் கன்னத்தைத் தொட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். மக்கா போய் வந்திருக்கிறேன், ஹஜ்ஜுக் கூட்டத்தில் நின்று அழுதிருக்கிறேன். அதற்கு முன் அப்படி நெஞ்சு நிறைந்தது அந்தப் பாறைக்குக் கீழேதான்.

நூல்வால் என்று அதற்குப் பெயர் வைத்தேன்.

ஆப்பம் கொடுக்கும் வீடுகளில் ஒன்று பூச்சி சாருடையது. கல்லூரியில் பாடம் சொல்லித்தருபவர். ஒல்லி. எப்போதும் தோளில் ஒரு வெள்ளை வலை. அவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி மூடிய மரப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். திறந்தால் பாச்சை உருண்டை நெடி மூக்கில் ஏறும். உள்ளே வண்டும் தும்பியும் ஊசியில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே தபால்தலையில் பாதி அளவுக்கு ஒரு சீட்டு. அதில் இடம், காலம், கொண்டுவந்தவர்.

"இந்தச் சீட்டு இல்லன்னா பூச்சி வெறும் பூச்சிதான், தம்பி" என்று சொல்வார். "இது எங்க இருந்துச்சுன்னு சொன்னாத்தான் அதுக்கு மதிப்பு."

என் கண் கூர்மை அவருக்குப் பிடித்திருந்தது. அந்த வருஷம் அஞ்சாவது முடித்திருந்தேன். அதற்கு மேல் அனுப்ப அம்மாவால் முடியாது என்று அவருக்குத் தெரியும். பள்ளி திறந்ததும் தன் செலவில் என்னைப் பெரிய பள்ளியில் ஆறாவது சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அம்மாவைக் கூப்பிட்டு, வாசலில் நிற்கவைக்காமல் உள்ளே நாற்காலி போட்டுச் சொன்னார். அம்மா அந்த நாற்காலியைப் பற்றித்தான் ஒரு வாரம் பேசினாள்.

திங்கட்கிழமை ஆப்பக் கூடையோடு விளக்குக் கண்ணாடியையும் கொண்டுபோனேன். சார் அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மூக்கு கண்ணாடியில் படும்வரை கிட்டே கொண்டுபோனார்.

"இது எங்க கெடச்சுது?"

"ஊட்டில சார்."

"ஊட்டியிலா? நீ எப்ப ஊட்டிக்குப் போன?"

"லீவுக்கு சார். மாமா லாரில."

"அங்க எந்த எடம்?"

"ஏரிக்கு மேல சார். பாறைக்குக் கீழ."

"அவ்வளவு குளிர்லயா?"

"ஆமா சார். சட்ட இல்லாம உக்கார முடியாது."

"எத்தன பாத்த?"

"கூட்டமா கீது சார். எண்ண முடியல. நீங்க வாங்க சார், நான் காட்டறேன்."

சார் சிரித்தார். நான் அவர் அப்படிச் சிரித்து முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. "வரேண்டா. கட்டாயம் வரேன்" என்றார். அப்போதே சின்னச் சீட்டை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பொடி எழுத்தில் எழுதினார். நான் சொன்னதை ஒரு பெரிய மனிதர் எழுதிக்கொள்வது அதுதான் முதல் தடவை.

இரண்டொரு நாள் கழித்து ஆப்பம் கொண்டுபோனபோது சாரின் வீட்டம்மா கதவைத் திறந்தார்.

"சாருக்கு வேண்டாம்பா. அவர் ஊட்டிக்குப் போயிருக்கார். எல்லாம் உன்னாலதான். ஸ்வெட்டரைத் தேடிப் புடிச்சு எடுத்துகிட்டுக் கெளம்பிட்டார்."

சார் ஒல்லி, குளிர் தாங்காது, அதனால் ஸ்வெட்டர் என்று நினைத்தேன். கூடையை வீட்டில் போட்டுவிட்டு, பெட்டியிலிருந்த பெருநாள் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு குவாரிக்கு ஓடினேன். சார் இல்லை. வழி தெரியாமல் சுற்றுகிறார் என்று பாறைமேல் ஏறி நின்று பார்த்தேன். கல் உடைப்பவர்கள் கேட்டார்கள்.

"இன்னாடா, மாப்பிள்ள மாதிரி கீற? யாருக்கு வெய்ட்டிங்கு?"

"எங்க சாரு வராரு. காலேஜி சாரு."

"இங்கியா? இன்னாத்துக்கு, ஜல்லி ஒடைக்கவா?"

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். வெடி வைக்கும் நேரம் கொடிக்காரர் காதைத் திருகித் துரத்தும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். பெருநாள் சட்டை கல்மாவில் வெளுத்தது. சார் வரவே இல்லை. ஒரு வாரம் ஆனதும் கல் உடைப்பவர்கள் கிண்டலை நிறுத்திவிட்டு எனக்கும் சோறு போட்டார்கள். அது கிண்டலைவிட வலித்தது.

பிறகு ஒரு காலையில் சார் வீட்டில் விளக்கு எரிந்தது. அவர்தான் கதவைத் திறந்தார். கழுத்தில் கம்பளித் துண்டு, கண் உள்ளே போயிருந்தது, இருமல்.

"ஏரிக்கு மேல ஒரு பாற விடாம பாத்தேன், தம்பி. ஒண்ணுமே இல்ல. அங்க இருக்கவங்க யாருமே அதப் பாத்ததில்ல."

"நான் அங்கதான் சார் உக்காந்துகினு இருந்தேன். டெய்லி. நீங்கதான் வரல."

அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் எனக்குத் தெரிகிறது. கோபம்கூட இல்லை. கையிலிருந்த ஒன்று தண்ணீரில் விழுந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை.

"நீ அங்க இருந்தியா?"

"ஆமா சார். கேட்டுப் பாருங்க, எல்லாரும் பாத்தாங்க."

"இவ்வளவு சின்ன வயசுல இப்படிப் பொய் வருமான்னு இருக்குடா."

"நீங்கதான் சார் பொய் சொல்றீங்க. வரேன்னிட்டு வரவேயில்ல."

கதவு சத்தமில்லாமல் மூடியது. ஆப்பத்தையும் வாங்கவில்லை. விளக்குக் கண்ணாடி அந்த வீட்டிலேயே நின்றுபோனது. பள்ளி திறந்தபோது நான் மாமா லாரியில் கயிற்றுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன், க்ளீனராக. அம்மா என்னைத் திட்டவில்லை. "அந்த நாற்காலில நான் ஒக்காந்திருக்கக் கூடாது" என்றாள். சார் கொஞ்ச காலத்தில் வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார். பிறகு அவர் இறந்ததாகக் கேள்வி.

நான் வளர்ந்தேன். எப்படி வளர்ந்தேன் என்று முதல் பத்தியைப் பாருங்கள். மலைமேல் இருக்கும் அந்த இன்னொரு ஊட்டிக்கும் கேரட் லோடு ஏற்ற எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்த ஏரிக்கரையில் நின்று டீ குடித்திருக்கிறேன். ஒரு தடவையாவது மூளையில் பொறி தட்ட வேண்டுமே? தட்டவில்லை. சார் என்னை ஏமாற்றினார் என்று மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டேன். கட்டிய மூட்டையை நான் அவிழ்த்துப் பார்க்கிறவன் இல்லை.

இந்தக் கோடையில் காட்டாங்குளத்தூர்ப் பக்கம் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் சிலர் என் மண்டபத்துக்கு வந்தார்கள். மண்டபத்தின் பின் கேட்டைத் திறந்தால் பழைய குவாரிதான். சிலந்தி, பூச்சி எல்லாம் கணக்கெடுக்கிறோம், சாயங்காலம் உள்ளே போக அனுமதி வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். இரண்டாம் நாள் அந்தக் கூட்டத்திலிருந்த ஒரு பெண், தலையில் கட்டிய டார்ச்சை அணைக்காமலே ஓடிவந்தது.

"தாத்தா, உங்க மண்டபத்துக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியுமா?"

"என்னை யாரும் தாத்தான்னு கூப்புடறதில்ல. டை அடிக்கறேன்ல."

"சாரி அங்கிள். இதப் பாருங்களேன்."

கைபேசியை நீட்டியது. இருட்டில் இரண்டு வெள்ளை நூல். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை வருஷம் கழித்தும் அது அங்கேயே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் அடுக்கு மாடிகள் வந்துவிட்டன, குவாரி மூடிவிட்டது, ஏரியில் பாதி பிளாஸ்டிக். நான் லாரி வாங்கி, லாரி விற்று, மண்டபம் கட்டி, அதில் எத்தனையோ நாகஸ்வரமும் பேண்டு வாத்தியமும் முழங்க, சுவருக்கு அந்தப் பக்கம் அவை சத்தமில்லாமல் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன.

"இந்தப் பக்கத்துலயே இதுதான் முதல் பதிவு, அங்கிள்" என்றது பெண். "ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஊட்டில ஒண்ணு கெடச்சதா ஒரு ரெக்கார்டு இருக்கு. ஆனா அது தப்புன்னு எங்க மேடம் சொல்றாங்க. இதுக்குக் காஞ்ச புழுதி வேணும். அந்த ஈரத்துல, குளிர்ல இது வாழவே முடியாது. யாரோ ஒரு புரொஃபசர் கத விட்டிருக்கார். நாங்க எழுதப்போற கட்டுரையில அதத் தூக்கிடுவோம்."

"கத விட்டதா யார் சொன்னது?"

"லேபிளே இருக்கே. ஒரு பழைய கலெக்‌ஷன்ல எடுத்த போட்டோ, பாருங்க."

ஊசியில் குத்திய நூல்வால். நிறம் போய்விட்டது. ஒரு நூல் பாதியில் உடைந்திருந்தது. கீழே அந்தப் பாதித் தபால்தலைச் சீட்டு. ஆங்கிலத்தில் இருந்ததை அந்தப் பெண் தமிழில் படித்துச் சொன்னது.

"ஊட்டி. ஏரிக்கு மேலே, பாறைக்குக் கீழே. கோடை. ஒரு பையன் கொண்டுவந்தது. அப்புறம் வேற இங்க்ல ஒரு கேள்விக்குறி."

நண்பர்களே, நான் சிரிக்க ஆரம்பித்தேன். வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவரும்வரை சிரித்தேன். அந்தப் பெண் பயந்துவிட்டது. சிரிப்பு முடிந்த இடத்தில் வேறொன்று வந்துவிட்டது, அதைத் துடைத்துக்கொண்டேன். சார் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குளிரில் ஒவ்வொரு பாறையாகக் குனிந்து பார்க்கிறார். அதே நேரத்தில் நான் பெருநாள் சட்டையில் இங்கே காத்திருக்கிறேன். இரண்டு பேரும் ஊட்டியில்தான் இருந்தோம். இரண்டு பேரும் ஏரிக்கு மேலே, பாறைக்குக் கீழேதான் இருந்தோம்.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் கைபேசியில் பதிவு செய்துகொண்டது. அதோடு விடவில்லை. கூடவே போய், குனிய முடியாத முதுகைக் குனிந்து, பாறைக்குக் கீழே நுழைந்தேன். முழங்கால் சில்லிட்டது. கல்மாவில் கைவிட்டு, அள்ளி, விரலிடுக்கில் வடியவிட்டேன். உள்ளங்கையில் உளுந்துப் பருமனில் ஒன்று நின்றது. கழுத்தை நீட்டிச் சுற்றிப் பார்த்தது.

"இதுதான் அதோட குட்டின்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும் அங்கிள்?"

"வளத்தவன்மா நான்."

கட்டுரை எழுதும் அந்த மேடத்திடம் பெண் எல்லாம் சொல்லியிருக்கிறது. அந்த அம்மா போனில் என்னோடு மரியாதையாகப் பேசினார். மிகவும் சுவாரசியமான தகவல் என்றார். பழைய பதிவை இனி தப்பு என்று எழுத மாட்டோம், ஐயத்துக்குரியது என்று எழுதுவோம் என்றார். கட்டுரையின் கடைசியில், உதவிய உள்ளூர் மக்களுக்கு நன்றி என்றும் போடுவார்களாம்.

இங்கேதான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த அம்மா படிக்கட்டும் என்றுதான் இந்த மலரில் எழுதுகிறேன். அச்சானதும் ஒரு பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அன்றைக்கு நான் ஒரு பையன். இன்றைக்கு நான் உள்ளூர் மக்கள். நடுவில் இத்தனை கட்டியும் அந்தச் சீட்டில் நான் ஒரு அங்குலம் நகரவில்லை.

சாரை நினைத்துப் பார்க்கிறேன். என்னைப் பொய்யன் என்று நினைத்தவர் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம். பூச்சியைக் குப்பையில் எறிந்திருக்கலாம். அவர் செய்யவில்லை. ஒரு கேள்விக்குறியைப் போட்டு, ஊசியோடு அப்படியே நிற்கவிட்டார். பாதிக் கதவு திறந்து வைத்திருந்தார், நான்தான் இவ்வளவு நாள் தட்டவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உயிரோடு இருக்கிறான், அவன் ஐயத்துக்குரியவன் இல்லை.

ஆகவே என் கோரிக்கை இது. சார் எழுதிய ஒரு எழுத்தையும் அடிக்கக் கூடாது. அவர் கதை விடவில்லை, நானும் விடவில்லை. ஊட்டி என்று இருப்பதற்குப் பக்கத்தில் ஒரு கமா போட்டு, இரும்புலியூர் என்று சேர்த்தால் போதும். கேள்விக்குறியை மட்டும் எடுத்துவிட வேண்டும். இந்த ஊரில் அந்தப் பூச்சியின் முதல் பதிவு அந்தப் பிள்ளைகள் எடுத்த படம் இல்லை, விளக்குக் கண்ணாடியில் வந்த என் நூல்வால்தான் என்று கட்டுரையில் எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு இரண்டாம் இடம் தருகிறேன், சந்தோஷமாக.

கடைசியாக, ஒரு பையன் கொண்டுவந்தது என்று இருக்கிறதே, அந்தப் பையனுக்குப் பெயர் இருக்கிறது. அது என்னவென்று தெரியாவிட்டால் ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கி, மண்டபம் யாருடையது என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். கேட்டு, அதே பொடி எழுத்தில், அதே சீட்டில் எழுதுங்கள்.